நரம்பு நோவும் நாள வழி மருந்தும்

டப்ளின் நகரத்து மீத் மருத்துவமனையில், 1844-ஆம் வருஷம் ஜூன் மாதம் 3-ஆம் தேதியன்று, முகத்தின் ஒரு பக்கத்தைப் பற்றிய நரம்பு நோவினால் நெடுங்காலம் உறக்கமின்றித் தவித்துவந்த 59 வயது மாது ஒருத்திக்கு, ஃபிரான்சிஸ் ரின்ட் என்னும் ரண வைத்தியர், அபினியின் சத்தாகிய மார்ஃபியாவைக் கிரியோசோட்டு என்னும் தாரெண்ணெயில் கரைத்து, தாமே வகுத்துக்கொண்ட ஒரு சிறு குழாய்க் கருவியினால், நோகின்ற நரம்பின் மேலேயே தோலைத் துளைத்து உள்ளே இறக்கினார். அந்தக் கருவிக்கு இக்காலத்துச் சிரிஞ்சில் உள்ளதுபோல் அழுத்தித் தள்ளும் தண்டு கிடையாது. மருந்து தன் பாரத்தினாலேயே மெல்லக் கசிந்து இறங்கவேண்டும். அதே மார்ஃபியாவை வாய் வழியே உட்கொண்டு பலன் காணாதிருந்த அந்த மாதுக்கு, இப்போது சில நிமிஷங்களுக்குள் நோவு தணிந்தது. பல மாதங்களாக அறியாத நல்ல உறக்கமும் அன்றிரவு வந்தது.

ஊசியால் மருந்து செலுத்தும் வித்தை காய்ச்சலுக்காகவோ கொள்ளை நோய்க்காகவோ பிறந்ததன்று, நரம்பு நோவுக்காகவே பிறந்தது என்பதைப் பலரும் அறியமாட்டார்கள். வெட்டுக்காயமோ வீக்கமோ ஆறிப்போன பின்னும் ஆறாமல், வருஷக்கணக்கில் எரிந்துகொண்டேயிருக்கும் நரம்பு நோவுக்கு இன்று பெரிய மருத்துவமனைகளில் லிடோகெயினையும் கெட்டமினையும் சொட்டுச் சொட்டாக ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்களே, அந்தச் சிகிச்சையின் பூர்வ சரித்திரத்தைத் தேடிக்கொண்டு போனால் இந்த டப்ளின் மாதினிடத்தில்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. ஆனால் ரின்ட் கொண்டிருந்த அடிப்படை நம்பிக்கை ஒன்று உண்டு: நோவு எங்கேயோ, மருந்தும் அங்கேயே போய்ச் சேரவேண்டும் என்பது அது. சாமானியனுக்கும் நியாயமாகத் தோன்றுகிற அந்த நம்பிக்கையைக் கைவிடுவதற்கு வைத்திய சாஸ்திரத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இந்தச் சிகிச்சையின் கதை பெரும்பாலும் அந்த நம்பிக்கை தளர்ந்த கதையே.

முதல் தளர்ச்சி லண்டனில் நேர்ந்தது. அதற்கு முன்பே எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் என்பவர் 1853-இல், கண்ணாடியால் ஆன தள்ளுகுழல் ஒன்றைக் கொண்டு, தோளில் நரம்பு நோவுற்ற ஒரு மூதாட்டிக்கு ஷெர்ரி மதுவில் கரைத்த மார்ஃபியாவைச் செலுத்தி, அதனை 1855-இல் பிரசுரமும் செய்தார். அவரும் நோகும் இடத்தில்தான் குத்தினார்; அந்த இடத்து நரம்பின்மேல் மருந்து நேரே வேலை செய்கிறது என்பதே அவருடைய சித்தாந்தம். (வுட்டின் மனைவி இந்த ஊசிக்கே அடிமையாகி மாண்டாள் என்று ஒரு கதை புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்ந்து வருகிறது, அந்த அம்மையாரோ கணவர் காலமான பின்னும் பல வருஷம் உயிரோடிருந்தார்.) சில ஆண்டுகளுக்குப்பின் லண்டனில் சார்ல்ஸ் ஹன்ட்டர் என்ற இளம் வைத்தியர், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதால் நோயாளிகளுக்குச் சீழ்க்கட்டிகள் உண்டாவதைக் கண்டு, வேறு வழியின்றித் தூரத்தில் ஓரிடத்தில் குத்திப் பார்த்தார். நோவு முன்போலவே தணிந்தது. மருந்து குத்திய இடத்தில் நின்று வேலை செய்வதில்லை, ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் பரவியே வேலை செய்கிறது என்று அவர் அறிவித்ததும், வுட்டுக்கும் அவருக்கும் பத்திரிகைகளில் நடந்த வாக்குவாதம் சற்றுக் காரமானது. லண்டன் மருத்துவ ரண வைத்திய சங்கம் ஒரு கமிட்டியை நியமித்து ஆராய்ந்து, 1867-இல் ஹன்ட்டரின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. கட்டிக்குப் பயந்து இடம் மாற்றிக் குத்தியதில் ஒரு பெரிய உண்மை அகப்பட்டது.

உடல் முழுதும் பரவுவதுதான் காரியமென்றால், நேரே ரத்தநாளத்திலேயே விட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது முன்னமே செய்து பார்க்கப்பட்டதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் 1656-இல், பிற்காலத்தில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிப் பேர்பெற்ற கிறிஸ்டோஃபர் ரென், ராபர்ட் பாயில் முதலிய நண்பர்கள் பார்த்திருக்க, ஒரு நாயின் காலிலுள்ள ரத்தநாளத்தைத் திறந்து, பறவை இறகின் தண்டைக் குழாயாகவும் பிராணியின் மூத்திரப்பையை மருந்துப் பையாகவும் வைத்துக் கட்டி, மதுவில் ஊறிய அபினியை உள்ளே செலுத்தினார். நாய் மயங்கிற்று, அது செத்துவிடாதபடி தோட்டத்தில் அடித்து விரட்டி ஓடவிட்டார்கள், பிழைத்துக் கொழுத்துப் பிரசித்தியும் அடைந்து, கடைசியில் யாரோ அதைத் திருடிக்கொண்டு போனதாகப் பாயில் எழுதிவைத்திருக்கிறார். ரத்தநாளத்தில் ஆதியில் ஏற்றிப் பார்த்த பொருள்களுள் நோவடக்கும் அபினியும் ஒன்று என்பதைக் கவனிக்கவேண்டும்.

மனிதருக்கு அந்த வழி பயன்பட்டதை உலகம் கண்டது 1832-இல், காலராக் காலத்தில். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்பு இந்தியாவுக்குத் தந்திக்கம்பி போட்ட ஓ’ஷானசி, தம் வாலிபத்தில் காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்பும் வற்றிப்போவதே ஆபத்து என்று எழுதினார். அதைப் படித்த, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்து வைத்தியர் தாமஸ் லாட்டா, சாகுந்தறுவாயில் கிடந்த ஒரு கிழவிக்கு உப்புநீரை நாளத்தில் ஏற்றினார். விழிகள் ஒளி பெற்றன, குளிர்ந்த கை சூடேறிற்று, கிழவி பேசினாள். இனிப் பயமில்லை என்று லாட்டா அவளை வேறொருவர் பொறுப்பில் விட்டுப் போனார். கழிச்சல் திரும்பிற்று, மீண்டும் ஏற்றுவாரில்லை, சில மணி நேரத்தில் அவள் மாண்டாள். உடம்பு அசதியென்றாலே ஒரு பாட்டில் டிரிப்ஸ் போடச் சொல்லிக் கேட்கிற நம்மவர்களுக்கு அதன் மூல புருஷர் பெயர் தெரியாமற்போனது ஆச்சரியமில்லை. ஒரு தடவை ஏற்றினால் போதாது என்பது லாட்டா கண்ட பாடம்; நரம்பு நோவுக்கு ஏற்றுகிறவர்களும் அதையே பின்னர் கண்டார்கள்.

நரம்பு நோவு இன்னதென்று உலகம் தெளிவாக அறிந்ததற்கு அமெரிக்க உள்நாட்டு யுத்தம் காரணமாயிற்று. பதினாறாம் நூற்றாண்டிலேயே, ரத்தம் வாங்குவதற்குக் கையில் கீறியதனால் பிரெஞ்சு அரசன் ஒன்பதாம் சார்லஸுக்கு உண்டான தீராத நோவை அம்ப்ரோய்ஸ் பாரே வருணித்திருக்கிறார். ஆனாலும் ஓரிரண்டு பேரைக் கண்டு எழுதுவது வேறு, ஒரு கூடம் நிறைய அத்தகையவர்களைக் கண்டு எழுதுவது வேறு. ஃபிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் என்னும் இடத்தில் நரம்புக் காயம்பட்ட சிப்பாய்களுக்கென்றே 400 படுக்கையுள்ள ஓர் ஆஸ்பத்திரியை ராணுவம் அமைத்தது. 1863-இல் கெட்டிஸ்பர்க் போர் முடிந்ததும் அது நிரம்பிற்று. அங்கே ஸைலஸ் வியர் மிட்செல், மோர்ஹவுஸ், கீன் என்ற மூவர் படுக்கை படுக்கையாகச் சென்று, நோயாளிகள் சொல்வதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

குண்டு துளைத்த புண் ஆறிவிட்டது. தோலோ சிவந்து, மெருகிட்டதுபோல் பளபளத்து, அனலாய்க் காய்கிறது. அந்தக் கையின்மேல் ஒரு துணி படக்கூடாது; காற்றுப் படக்கூடாது; கூடத்தில் ஒருவன் காலடி அதிர்ந்தால், பக்கத்துப் படுக்கைக்காரன் செய்தித்தாளைப் புரட்டினால், தெருவில் பாண்டு வாத்தியம் போனால், நோவு பொங்கும். எப்போதும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் தண்ணீர்ப் புட்டியும் பஞ்சும் வைத்தபடியே திரிவார்கள். ஒருவன் தன் பூட்ஸுக்குள்ளும் தண்ணீரை ஊற்றிக்கொள்வான். நடக்கும்போது உலர்ந்த தோல் உராயும் உராய்வு, காயம்படாத காலில் ஏற்பட்டாலும், காயம்பட்ட கையில் எரிந்ததாம். நோவு நோகும் இடத்தில் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இதைவிடத் தெளிந்த சாட்சியம் வேண்டுவதில்லை. ஆனால் அதன் பொருளை அறிய நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. மூவரும் 1864-இல் இவற்றை ஒரு சிறு நூலாக வெளியிட்டார்கள். பின்பு 1867-இல் மிட்செல் இந்த நோய்க்குக் காசால்ஜியா என்று பெயரிட்டார்.

சிகிச்சை என்று அவர்கள் பெரிதும் நம்பியது மார்ஃபியா ஊசியையே. ஓராண்டில் 40,000-க்கு மேற்பட்ட ஊசிகள் அந்த ஓர் ஆஸ்பத்திரியில் போடப்பட்டன என்றால், அங்கே வேலை செய்த உதவியாளர்களின் இரவுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இந்த மூவரே அதே வருஷத்தில், யுத்தத்துக்கு அஞ்சி நரம்பு வியாதியைப் பாசாங்கு செய்யும் சிப்பாயை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஈதர் மயக்கம் கொடுத்து, தெளிகையில் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்ப்பது அதில் ஓர் உபாயம். கண்ணுக்குத் தெரியாத நோவுடையவனை நம்புவதும் சந்தேகிப்பதும் ஒரே கூடத்தில், ஒரே வைத்தியரின் பேனாவினாலேயே தொடங்கின. இந்த நோயாளிகளைச் சந்தேகம் அன்று பற்றியது. இன்னும் முழுதும் விட்டபாடில்லை.

அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலாக நோய் பல பெயர்களைப் பெற்றது. ஹாம்பர்க்கில் ஸூடெக் 1900-இல் எலும்பு தேய்வதைக் கண்டார். பிரான்சில் ரெனே லெரிஷ் முதல் உலக யுத்தத்தின்போது, ரத்தநாளத்தைச் சுற்றிய பரிவு நரம்புகளே குற்றவாளி என்று கருதி, 1916 முதல் அவற்றை உரித்தெடுத்தார். 1946-இல் எவன்ஸ் அந்தக் கருத்தையே ஒரு பெயராக்கினார். 1990-களில் வைத்தியர்கள் கூடி, காரணம் எதையும் சொல்லாத ஒரு பெயரை இட்டார்கள், அதன் சுருக்கமே இன்று நோயாளிகள் வாயில் வழங்கும் சி.ஆர்.பி.எஸ். இவற்றுள் லெரிஷின் வழி வந்த ஒரு முறையை மட்டும் இங்கே சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ஹானிங்டன்-கிஃப் 1974-இல், நோகும் கையின் மேற்பாகத்தை இறுகக் கட்டி ரத்தவோட்டத்தை நிறுத்தி, குவானெத்திடின் என்ற மருந்தை அந்தக் கையின் நாளத்துக்குள் மட்டும் விட்டு, சற்று நேரம் அங்கேயே தேக்கிவைத்தார். நாளத்தில் ஏற்றவும் வேண்டும், நோகும் அங்கத்தைவிட்டு மருந்து வெளியேறவும் கூடாது என்ற இந்த முறை, வுட்டின் சித்தாந்தத்துக்குக் கிடைத்த கடைசி அடைக்கலம். இருபது வருஷம் உலகமெங்கும் செய்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அதை வெறும் உப்புநீரோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, உப்புநீரைவிட அது மேலானதென்று காணவில்லை.

இதற்கிடையே, வேறு காரியங்களுக்காக உண்டான இரண்டு மருந்துகள் இந்தக் கதையில் வந்து சேர்ந்தன. முதலாவதைப் பல் பிடுங்கிக்கொண்ட எவரும் அறிவர். சைலோகெயின் என்று ஈறில் போடுகிறார்களே அந்த லிடோகெயின். ஸ்டாக்ஹோமில் 1930-களில், வாற்கோதுமைப் பயிர் ஒன்றில் கண்ட ஒரு ரஸாயனப் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹோல்கர் எர்ட்மன், தாம் ஆக்கிய பொருளை அக்கால வழக்கப்படி நாவில் வைத்து ருசி பார்த்தார். நாக்கு மரத்துப் போயிற்று. அந்த மரப்பைத் தொடர்ந்து சென்ற நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் லிடோகெயினைச் செய்தார். அவருடைய இளம் சகா லுண்ட்க்விஸ்ட் அதைத் தம் உடம்பிலேயே குத்திப் பரிசோதித்தார். இடத்தை மரக்கவைக்கும் மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் என்ன பயன் என்று கேட்பவர்கள், காயம்பட்ட நரம்பின் குணத்தை அறியவேண்டும். அத்தகைய நரம்பு யாரும் தொடாமலே தானாகத் துடித்து விட்டுவிட்டுச் செய்தி அனுப்புகிறது. சோடியம் செல்லும் நுண்வாயில்களின் வழியாக அந்தத் துடிப்பு எழுகிறது. ரத்தத்தில் கலந்த சிறிதளவு லிடோகெயின், தொடுவுணர்ச்சியை மரக்கச் செய்யப் போதாதெனினும், இந்தத் தறிகெட்ட துடிப்பை அடக்கப் போதுமாயிருக்கிறது. இருதயத் துடிப்பின் கோளாறுக்கு அதை ஏற்றி ஏற்றிப் பழக்கம் இருந்தமையால், எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் வைத்தியர்களுக்குத் தெரிந்திருந்தது. டென்மார்க்கில் காஸ்ட்ரப்பும் அவருடைய சகாக்களும் 1987-இல், நீரிழிவினால் கால் நரம்பு கெட்டு எரிந்தவர்களுக்கு அரைமணி நேரம் இதை ஏற்ற, மருந்து உடம்பைவிட்டு நீங்கிய பின்னும் நாட்கணக்கில் குணம் நீடித்தது.

இரண்டாவது மருந்தாகிய கெட்டமினின் பிறப்பு அத்தனை சாதுவானதன்று. டெட்ராய்ட்டில் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற ரஸாயன ஆசிரியர், பார்க்-டேவிஸ் கம்பெனிக்காக 1962-இல் அதைச் செய்தார். எட்வர்ட் டொமினோவும் குந்தர் கோர்சனும் 1964-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், மிச்சிகனிலுள்ள ஜாக்சன் சிறைச்சாலைக் கைதிகளுக்கு முதன்முதல் கொடுத்தார்கள். கைதிகள் அதற்கு இசைந்தார்கள் என்பது ஏட்டிலுள்ள செய்தி. சிறைக்குள் இருப்பவனின் இசைவு எத்தகையது என்ற கேள்வியை அந்தக் காலம் எழுப்பவில்லை. கண் திறந்திருக்கும், மூச்சு நடக்கும், ஆயினும் கத்தி பட்டால் தெரியாது. உடம்பு எங்கேயோ விலகிக் கிடப்பதுபோல் அவர்கள் சொன்னார்கள். மூச்சை நிறுத்தாத இந்தக் குணத்தினால், 1970-இல் அனுமதி பெற்றதும், வியட்நாம் யுத்தகளத்தில் அது மிகவும் உதவிற்று.

மிட்செலின் சிப்பாய் பூட்ஸில் தண்ணீர் ஊற்றியதன் பொருள் இக்காலத்தில்தான் விளங்கலாயிற்று. நோவுச் செய்தி திரும்பத் திரும்ப வந்தால் முதுகுத் தண்டின் நரம்பணுக்கள் ஒவ்வொரு தடவையும் முன்னிலும் உரக்கப் பதில் கொடுக்கின்றன என்பதை 1960-களின் நடுவில் லார்ன் மென்டல் கண்டார். 1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப், காயத்தின் விளைவாகத் தண்டுவடமே கூர்மையேறி, சாதாரணத் தொடுகையையும் நோவாக மாற்றிவிடுவதைக் காட்டினார். அதே வருஷம் லண்டனில் டேவிட் லாட்ஜும் அவருடைய சகாக்களும், கெட்டமின் அடைப்பது என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பியை என்று நிறுவினார்கள். நரம்பணுக்களின் அந்த உரக்கப் பேசும் பழக்கத்துக்கு வேண்டிய வாயில் அதுவே. குற்றம் கையிலன்று, தண்டுவடத்திலும் மூளையிலும் என்றானபின், மருந்தைக் கையில் தேக்கிவைப்பதில் அர்த்தமில்லை. கெட்டமினை மயக்கத்துக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்காகக் குறைத்து, நாளம் வழியாக நெடுநேரம் ஏற்றுவதே வழி என்றாயிற்று.

அதை ஒரு பழக்கமாகச் செய்து எழுதியவர்களுள் முதல்வர், பேர்பெற்ற கலாசாலை எதையும் சேர்ந்தவரல்லர். ஆஸ்திரேலியாவில் கரும்பு விளையும் மக்காய் என்ற கடற்கரையூரின் மயக்க வைத்தியர் கிரயம் கோரல். அவருடைய 33 நோயாளிகளின் கணக்கு 2004-இல் வெளிவந்தது. நாட்கணக்கில் ஏற்றியபின் 25 பேருக்கு நோவு முற்றும் நீங்கியிருந்தது, பாதிப்பேருக்கு மேல் மூன்று மாதமேனும் நோவின்றி இருந்தார்கள், 12 பேருக்கு அது திரும்பி மறுபடி ஏற்றவேண்டி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூட்டம் இல்லாத கணக்கு இது என்று பண்டிதர்கள் குறை சொன்னதில் நியாயம் உண்டு. ஜெர்மனியில் சிலர் எதிர்த்திசையில் சென்று, ஐந்து நாள் முழு மயக்கத்தில் கிடத்திப் பெருமளவு ஏற்றினார்கள். 20 பேரில் 16 பேர் ஆறு மாதத்துக்குப் பின்னும் குணமாயிருந்ததாக 2008-இல் எழுதினார்கள். தொற்றும் தசைத் தளர்ச்சியும் அதன் கூலியாக வந்தன. வேறு கதியில்லாதவர் அதற்கும் துணிந்தார்கள் என்பதிலிருந்து நோவின் கொடுமையை அறியலாமேயொழிய, அதை ஒரு சிகிச்சையென்று சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இக்காலத்தில் சாதாரணமாக நடப்பது இதைவிட எளிது. நோயாளி காலையில் வந்து சாய்வு நாற்காலியிலோ கட்டிலிலோ சாய்கிறார். ஒரு கையில் ரத்த அழுத்தப் பட்டி, விரலில் பிராணவாயுவை அளக்கும் கவ்வி, மார்பில் இருதயத் துடிப்பைக் காட்டும் வயர்கள். நாளத்தில் ஊசிக்குழலைப் பொருத்த நர்ஸ் வரும்போது நோகும் கையைத் தொடவிடாமல் மற்றக் கையையே நீட்டுகிறார், நர்ஸும் அதையே கேட்டு வாங்கிக்கொள்கிறாள்; ஹன்ட்டருக்கும் வுட்டுக்கும் நடந்த வழக்கை நினைத்தவருக்கு இது வேடிக்கையாயிருக்கும். லிடோகெயின் ஏறும்போது உதடு மரத்து, வாயில் உலோக ருசி தட்டி, காது ரீங்கரித்தால் உடனே சொல்லவேண்டும். இனி வேகம் கூடாது என்பதற்கு அவை அறிகுறி. கெட்டமினானால் மேற்கூரை விலகிப் போவதும், சுவர்க்கடிகாரம் ஒலியின்றி நிற்பதும், தன் குரலே அயலான் குரலாய்க் கேட்பதும் உண்டு; அந்தப் பயம் தெரியாதிருக்க மிடாசோலமும், ரத்த அழுத்தம் ஏறாதிருக்கக் குளோனிடினும் சேர்ப்பார்கள். இடையிடையே நர்ஸ் வந்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோவு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். நோயாளியின் வாய்ச்சொல்லையன்றி அளப்பதற்கு வேறு கருவி இன்றும் இல்லை.

முறையான பரிசோதனைகள் இரண்டு 2009-இல் வெளியாயின. ஒன்று மிட்செலின் ஊராகிய ஃபிலடெல்ஃபியாவிலேயே, ராபர்ட் ஷ்வார்ட்ஸ்மன் நடத்தியது. 19 பேர், தினம் 4 மணி நேரமாகப் பத்து நாள் ஏற்றுதல். மற்றது ஹாலந்தின் லெய்டனில், 60 பேருக்கு நாலு நாளுக்குச் சற்று மேலாக இடைவிடாமல் ஏற்றியது. லெய்டனில் முதல் வார முடிவில் கெட்டமின் பெற்றவர்களின் நோவு பத்துக்கு 2.68, உப்புநீர் பெற்றவர்களுடையது 5.45, வாரந்தோறும் அந்த வித்தியாசம் சுருங்கி, பன்னிரண்டாம் வாரத்தில் கணக்கில் கொள்ளத்தக்கதாக இல்லாமற்போயிற்று. நோவு குறைந்திருந்த நாட்களிலும் கைகால்களின் உபயோகம் கூடியதாகக் காணவில்லை. கெட்டமின் ஏறினால் தலை கிறுகிறுத்து நோயாளிக்கே தெரிந்துவிடுமாகையால், யாருக்கு மருந்து, யாருக்கு உப்புநீர் என்பதை ஒளித்துவைப்பதும் முற்றும் கைகூடுவதன்று. ஆயினும் வருஷக்கணக்கில் ஒரு துணிகூடப் படவிடாதவருக்குப் பத்து வாரம் என்பது அற்பமானதன்று. அந்தப் பத்து வாரத்தில் கையைக் காலை அசைத்துப் பழக்கும் தேகப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டுமென்று அனுபவமுள்ள வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள்.

இந்த மருந்துகள் பழையவை; விலை மலிந்தவை; உரிமைக்காலம் கழிந்துவிட்டவை. பெரும் பொருள் செலவிட்டு ஆயிரம் பேரிடம் சோதித்துப் பார்ப்பதால் எந்தக் கம்பெனிக்கும் ஆதாயமில்லை. அமெரிக்காவின் மயக்க வைத்திய, வலி வைத்திய சங்கங்கள் மூன்று கூடி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியில், சி.ஆர்.பி.எஸ். நோய்க்குக் கெட்டமின் ஏற்றுவதால் பன்னிரண்டு வாரம்வரை குணம் இருப்பதற்கு நடுத்தரமான ஆதாரம் உண்டு என்று எழுதி, மணிக்கு 22 மில்லிகிராம் வீதம் நாலு நாள், அல்லது உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 0.35 மில்லிகிராம் வீதம் தினம் 4 மணி நேரமாகப் பத்து நாள் என்று இரண்டு அளவுகளைக் குறித்திருக்கிறார்கள். முன்னது லெய்டனின் கணக்கு, பின்னது ஃபிலடெல்ஃபியாவின் கணக்கு. இரண்டுக்கும் ஆதாரமாக நின்றவர்கள் மொத்தம் 79 பேர்.